சீசன் முடியட்டும்

ஆசைக்கு ஓடியது போலவும் ஆச்சு, தர்மமும் ஆச்சு என்று ஒரே சீசனில் நான்கு மாரத்தான் ஓடக் கிளம்பியிருந்தார் கிருபாகரன். முதல் ஓட்டத்துக்குச் சேர்ந்த நன்கொடையிலேயே, ஒரு காலை இழந்த சவரியம்மாளுக்குச் செயற்கைக்கால் வந்துவிட்டது. அதைக் காரின் டிக்கியில் வைத்துப் பூட்டினார்.

"சீசன் முடியட்டும்மா. இப்பவே மாட்டிக்கிட்டா மத்த ஓட்டத்துக்கு யாரு காசு குடுப்பா?"

கக்கத்தில் ஊன்றுகட்டையை இடுக்கிக்கொண்டு, ஊர் ஊராக முடிவுக்கோட்டருகே வெயிலில் நின்றாள். அவர் வந்து தோளில் கைபோட்டதும் படம் எடுத்தார்கள்.

மூன்றாவது ஓட்டத்தில் அவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது.

"மிச்சத்தை அடுத்த சீசன்ல பாத்துக்கலாம். கார் வரைக்கும் அந்தக் கட்டையைக் குடும்மா."

கொடுத்துவிட்டு மூங்கில் தடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் விந்தி விந்திப் போய்க் கட்டையோடு ஏறினார். கார் கிளம்பிப் போனது.

பந்தல்காரர் வந்தார். "கையை எடும்மா, மூங்கிலை அவுக்கணும்."