நாலு பெட் காலி

மூட்டுவலிக்காரி ரெஜினா குனியாமல் பயிர் செய்ய, மொட்டைமாடியில் இடுப்பு உயரத்துக்கு நாலு பலகைச் சட்டம் அடித்து மண் நிரப்பிக் கீரை போட்டிருந்தாள். மானியத்துக்கு ஆங்கிலத்தில் ‘ரெய்ஸ்டு பெட்ஸ்: ஃபோர்’ என்று எழுதிக்கொடுத்த விண்ணப்பத்தை அரசுக் கணினி தமிழாக்கி, ‘உயரமான படுக்கைகள்: நான்கு’ என்று அவள் குடும்ப அட்டையில் ஏற்றிவிட்டது.

டெங்குவில் துவண்ட கணவன் சகாயத்தைத் தாங்கியபடி அவள் தூத்துக்குடி ஆஸ்பத்திரி ஒன்றில் நின்றாள். சேர்க்கை மேசைமேல் இருந்த கணினித் திரை அவள் குடும்ப அட்டையைப் படித்து இடம் மறுத்தது.

“வீட்டுலயே நாலு பெட் இருக்குன்னு காட்டுதுக்கா,” என்றாள் நர்ஸ். “தண்ணி தேங்காதாம், நல்ல வெயிலாம். எங்க வார்டுல அதெல்லாம் கிடையாதுக்கா.”

“ஏட்டி, அது பாத்தி! நாலுலயும் அரைக்கீரைல்லா நிக்கி!”

நர்ஸ் அதை அப்படியே தட்டினாள். பதில் பணிவாக வந்தது: ‘அரைக்கீரை நல்ல நிலையில் உள்ளது. அதை டிஸ்சார்ஜ் செய்துவிட்டுக் கணவரைப் படுக்கவைக்கவும்.’

சகாயத்தின் மூக்கில் ரத்தம் எட்டிப்பார்த்தது.

ரெஜினா ஒரே தள்ளாகத் திரையைத் தரையில் தள்ளினாள். காலியான மேசைமேல் புருஷனைக் கிடத்தினாள்.

“அஞ்சாவது பெட்டு. பதிஞ்சுக்க. இப்ப டிரிப்ஸ ஏத்துட்டி!”

நர்ஸ் ஊசியைத் தேடி ஓடினாள்.