சன்ன அம்பு

இந்த அம்பும் நிற்கவில்லை.

வைக்கோல் புரியை வட்டமாகச் சுற்றி இறுக்கித் தைத்த இலக்கு அது. அதை ஊசிபோல் துளைத்துக்கொண்டு அம்பு பின்னாலிருந்த காப்பிச் சரிவுக்குள் போய் விழுந்தது.

சென்னம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடியும் இறங்கினாள். காலையிலிருந்து இது ஒன்பதாவது தடவை.

கீழே ஈரம், அட்டை, கணுக்கால் மூழ்கச் சருகு. அம்பின் சிவப்பு இறகு கண்ணில் பட்டால் போதும். படவில்லை.

மேலே எஸ்டேட் லைன் வீட்டு வாசலில், சக்கர நாற்காலியில் இருந்தபடி அண்ணன் மாதேஸ்வரன் கத்தினான்.

"இன்னங் கொஞ்சம் பீச்சாங்கைப் பக்கம் பாரு கண்ணு!"

அவளுக்கு வந்த ஆத்திரத்தில், அம்பு கிடைத்தால் முறித்துப் போட்டுவிடலாம் போலிருந்தது. கிடைத்தது; முறிக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், எஸ்டேட்டில் நிழல்மரத்துக் கிளை கழிக்க ஏறியவன் விழுந்துவிட்டான். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆறு மாசம் வைத்திருந்து, ஒரு நாற்காலியும் ஒரு வில்லும் ஆறு அம்பும் கொடுத்தனுப்பினார்கள். நாற்காலிக்காரர்களுக்கு மெட்ராஸில் வில்லுப் போட்டி நடக்கும் என்று அவன் சொன்னான். பொழுதெல்லாம் எய்தான்.

அப்பா அம்மா இல்லாத வீட்டில் சமைப்பதும் அவள்தான், அவனைத் தூக்கி உட்காரவைப்பதும் அவள்தான். இப்போது அம்பு பொறுக்குவதும் அவள்தான்.

தடித்த அம்பாக இருந்தால் வைக்கோல் பிடித்துக்கொள்ளும். இது பென்சிலைவிடச் சன்னம். எதற்கும் பிடிபடவில்லை.

சாக்கில் காப்பித் தோலை அடைத்துக் கட்டிப் பார்த்தாள். அம்பு போன வழியில் தோல் முழுக்க ஒழுகி, சாக்கு தொங்கிப்போனது.

வாழைத்தண்டை வெட்டி நிறுத்தினாள். நன்றாகத்தான் நின்றது, நான்கு நாள். அப்புறம் அழுகி நாறியது.

சில்வர் ஓக் பலகையில் அம்பு ஏறி உட்கார்ந்துவிட்டது. குறடு போட்டு இழுத்தபோது முனை உள்ளேயே தங்கிவிட்டது. அதோடு ஒன்று போச்சு. பழைய மெத்தையைத் துளைத்துப் போய்ப் பாறையில் மோதி முறிந்தது இன்னொன்று.

மீதி நான்கு.

"வேற எதாச்சும் பார்க்கலாம் கண்ணு. ரெண்டு மாசமாவது தாங்கற மாதிரி" என்பான், ஏதோ சந்தையில் கிடைக்கிற சாமான் போல.

ஒருநாள் எஸ்டேட் குடோனில் வேலையாக இருந்தபோது, கணக்கெழுதும் ரைட்டர் தேவசிகாமணி ஒரு காலிச் சாக்கு எடுத்துவரச் சொன்னார். மடித்து அடுக்கிய காலிச் சாக்குகளின்மேல் யாரோ நான்கு காப்பி மூட்டையை ஏற்றி வைத்திருந்தார்கள். சென்னம்மாள் அடியில் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தாள். அசையவே இல்லை.

"சாக்குகூடவா என்னைப் பாடாய்ப் படுத்தும்?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்தவள், மூட்டையின் கனம் அழுத்திப் பிடித்திருந்த அந்த அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் எழுந்து, "ஏனுங்க ரைட்டருங்க, கிழிஞ்ச சாக்கு இருந்தாக் குடுங்க. எத்தனை இருந்தாலும் சரிங்க" என்றாள்.

லாரி ஃபிட்டர் முருகேசன் இரண்டு நீளக் கம்பியும் அதற்கு நட்டும் தேடிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, மடித்த சாக்குகளை இடுப்பு உயரத்துக்கு அடுக்கி, மேலே ஒரு பலகை, கீழே ஒரு பலகை வைத்து, கம்பியைக் கோத்து நட்டை முறுக்கினாள். உள்ளங்கை தோலுரியும் மட்டும் முறுக்கினாள். அடுக்கின் மடிப்புப் பக்கம் அண்ணனைப் பார்த்து இருந்தது.

அவன் எய்தான்.

தொப்பென்று ஒரு சத்தம். பாதி உள்ளே, பாதி வெளியே, அம்பு நின்றது.

நான்கும் நின்றன.

பிடுங்கிவரப் போனவளை, "நீ நில்லு" என்றான்.

அவனே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனான். ஒரு கையால் அடுக்கை அழுத்தி, மறுகையால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டான். திரும்பி வந்தான். மறுபடி எய்தான். மறுபடி போனான்.

நான்கு சுற்று. சென்னம்மாள் செய்ய ஒன்றுமில்லாமல் நின்றாள். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

"போட்டி எந்த மாசம்ணா?"

"போட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா சொன்னேன்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அவன் வில்லைக் கீழே வைத்தான்.

"தெனம் வில்லு இழுத்தாத் தோளு பலமாகும், கட்டில்ல இருந்து நானே எறங்கிக்கலாம்னு டாக்டரு சொன்னாரு. ஒரு வாரமா எறங்கறேன், நீ வேலைக்குப் போனப்புறம். இந்த அம்பு பொறுக்க மட்டுந்தான் ஆளு வேண்டியிருந்துச்சு. இப்ப அதுவும் வேண்டாம்."

அவள் குனிந்து பார்த்தாள். அட்டை கடித்த இடங்கள் காலில் கறுத்துக் காய்ந்திருந்தன.

"கரடியூர் அம்மாசிக்குக் காயிதம் போட்டுட்டேன் கண்ணு. வர்ற ஞாயித்துக்கெழமை நம்ம ஊட்டுக்கு வரச்சொல்லி."

அண்ணனை விட்டுவிட்டு வர முடியாது என்று, தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்ட அம்மாசியை அவள் திருப்பியனுப்பி இரண்டு வருஷமாகிறது.

அந்தப் பெயரை அவள் வீட்டுக்குள் ஒருநாளும் சொன்னதில்லை.