காவலில்லாத கறுப்புக் கட்டம்

சுவரில் ஏதோ உரசுகிற சத்தம் மறுபடியும் கேட்டது. வசந்த்குமார் செஸ் போர்டுக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகக் குனிந்துகொண்டார்.

“பாய்... கேட்டுச்சுங்களா?” ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் கிசுகிசுத்தார்.

“கேட்டுச்சு. பேசாம ஆடுங்க,” என்றார் நௌஷாத், அதைவிட மெல்லிய குரலில்.

கூடலூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் அது. வசந்த்குமார் ஃபேக்டரி ஆபீஸில் கிளார்க். நௌஷாத் எஸ்டேட் மளிகைக்கடைக்காரர். சரிவில் வசந்த்குமார் வீட்டுக்குக் கொஞ்சம் கீழே, கடையோடு ஒட்டிய வீடு. மழைக்காலம் வந்துவிட்டால் ஆளுக்கொரு போர்டை வைத்துக்கொண்டு போனிலேயே செஸ் ஆடுவார்கள். இந்த எஸ்டேட்டுக்கு வந்த நாளிலிருந்து ஆடுகிறார், வசந்த்குமார் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை.

எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. யானை ஒரு வீட்டை ஒட்டி நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவரைத் தனியாக விடமாட்டார்கள். வனத்துறை வாச்சர்கள் வந்து சேரும்வரை யாராவது ஒருவர் போனில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். பயத்தில் கதவைத் திறந்துகொண்டு ஓடினவர்கள்தான் இதுவரை மிதிபட்டிருக்கிறார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் பனிமூட்டம் இறங்கி, கரண்டும் போனது. கொஞ்ச நேரத்தில் நௌஷாத்திடமிருந்து போன்.

“யானை வந்திருக்குதுங்க. கதவத் தொறந்துறாதீங்க. வாச்சருக்குச் சொல்லியாச்சு. ஒரு ஆட்டம் போடலாமுங்களா?”

எங்கே என்றுகூட வசந்த்குமார் கேட்கவில்லை, வழக்கம்தான் தெரியுமே. கொல்லையில் பலாமரம் வேறு காய்த்துத் தொங்குகிறது, பிறகு எங்கே போகும்? மனைவியும் மகள் வர்ஷாவும் கோயமுத்தூரில். கடைசியாக அவர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிடலாமென்றால், நௌஷாத்தின் போனை வைக்கவும் பயமாக இருந்தது.

ஆட்டம் நகர்ந்தது. போர்டின் மூலையில் நிற்கிற காயின் பேரைச் சொல்ல இருவருக்குமே அன்று வாய் வரவில்லை. “மூலைக் காய்” என்றே சொல்லிக்கொண்டார்கள்.

“மந்திரியால உங்க குதிரைய வெட்டறேன்,” என்றார் நௌஷாத்.

வசந்த்குமாரால் நம்ப முடியவில்லை. நௌஷாத்தின் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாய்கள் மூன்றும் வெள்ளைக் கட்டங்களில் நின்றன. ராஜாவைச் சுற்றியிருந்த கறுப்புக் கட்டங்களுக்கெல்லாம் அந்த ஒரு மந்திரிதான் காவல். இன்னொரு மந்திரி வெள்ளையில் மட்டுமே ஓடும், அதனால் பிரயோஜனமில்லை. இதே தப்பைச் செய்ததற்காக வசந்த்குமாரை எத்தனை தடவை கிண்டலடித்த மனுஷன்!

“பாய், அந்த மந்திரி போனா கறுப்புக் கட்டமெல்லாம் கேக்க நாதியில்லாமப் போயிருமே?”

“போகட்டுமுங்க. நீங்க ஆடுங்க.”

சிப்பாயால் மந்திரியை வெட்டிவிட்டு நிமிர்ந்தபோது, படாரென்று மரம் முறிகிற சத்தம். மூட்டத்துக்குள்ளிருந்தும் வந்தது, போனுக்குள்ளிருந்தும் வந்தது. கீழே நௌஷாத் வீடுவரைக்கும் கேட்கிறதென்றால் எவ்வளவு பெரிய கிளையாக இருக்கும்! வசந்த்குமாருக்குத் தெரிந்த சாமிகளெல்லாம் தீர்ந்துபோய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“ஆடுங்க வசந்த்... நிறுத்தாதீங்க.”

“ராணி... எச் ஆறு.” கட்டத்தில் வைப்பதற்குள் ராணி கீழே விழுந்து எழுந்தாள்.

எச் ஆறு கறுப்புக் கட்டம். அங்கே போய் அவள் மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி சட்டமாக உட்கார்ந்தாள். ஏனென்று கேட்க ஆளில்லை. அடுத்து வசந்த்குமாரின் மந்திரி எஃப் ஆறில் போய் நின்றது. அதுவும் கறுப்பு, அதையும் விரட்ட ஆளில்லை. நௌஷாத்தோ எங்கேயோ ஓரத்தில் கிடந்த ஒரு சிப்பாயைத் தள்ளிவிட்டுச் சும்மா இருந்தார்.

வசந்த்குமாருக்கு அப்போதுதான் விளங்கியது. பாய் வேண்டுமென்றே தோற்கிறார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்கிறவன் ஒரு ஆட்டமாவது ஜெயித்துக்கொள்ளட்டும் என்று விட்டுத்தருகிறார். அந்தப் பயத்திலும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“ராணி ஜி ஏழு. மேட் பாய்!”

போனில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

வெளியே மூட்டம் லேசாக விலகியது. வசந்த்குமார் தவழ்ந்துபோய் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தார். கொல்லை காலியாகக் கிடந்தது. பலாமரத்தில் ஒரு காய்கூடக் குறையவில்லை. போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு.

“பாய், அது போயிருச்சுங்க!” சத்தமாகவே சொன்னார். “எனக்காவத்தான தோத்தீங்க? சாகற வரைக்கும் மறக்கமாட்டனுங்க பாய். ஊட்டுல பேசோணும், போன வெச்சரட்டுங்களா?”

“வெச்சறாதீங்க வசந்த், அது என்ற ஊட்டுச் சொவத்துலதான் சாஞ்சுட்டு நிக்குது!”