அடுப்படி வாசல்

தென்காசியில், நூறு வயதான வீடொன்றின் அடைபட்ட அடுப்படி வாசலைத் திறக்கக் குற்றாலத்திலிருந்து வந்த கொத்தனார் சொரிமுத்து, உத்திரத்துக்கு இருபுறமும் முட்டுக் கொடுத்த பிறகே உளியை எடுத்தார்.

“நாலு மணிக்கு ஆளு வரும். அதுக்குள்ள முடிஞ்சிருமா?” என்றார் வீட்டுக்காரர் கோமதிநாயகம்.

“அவசரப்பட்டா மேல்சுவரு தலையில இறங்கிரும், அண்ணாச்சி. மேல இருந்து ஒவ்வொரு கல்லாத்தான் எடுக்கணும். இதை யாரு அடைக்கச் சொன்னது?”

“ஒரு வாஸ்துக்காரன்,” என்றாள் மனைவி அனுசியா. “இந்த வாசல் குடும்பத்துக்கு ஆகாதாம். ஏழு வருஷமா சாரல்ல நனைஞ்சு, வீட்டைச் சுத்தித்தான் அடுப்படிக்குப் போயிட்டு வாரேன். போன வாரம் வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சதுதான் மிச்சம்.”

“அவன் கையில கிடைச்சா விடாதீங்க, அக்கா.”

“இருபது வருஷமா விடத்தான் முடியல.”

மூன்றரைக்கே கார் வந்து நின்றது. புளியறையிலிருந்து வந்தவர் தம் வீட்டு வரைபடத்தை நீட்டினார். கோமதிநாயகம் அவசரமாகத் திருநீறு பூசிக்கொண்டு, முன்னறையில் அமர்ந்து அதைக் கூர்ந்து பார்த்தார்.

“தெற்கு வாசலை உடனே அடைச்சிருங்க. வாஸ்துல நான் சொல்லி இதுவரை தப்பினது கிடையாது.”

“உள்ள என்ன சத்தம், ஐயா?”

அதற்குள் சொரிமுத்து சுண்ணாம்புக் கையோடு வெளியே வந்து தம் கைபேசி எண்ணைச் சொன்னார்.

“குறிச்சுக்கிடுங்க, சார். அடைக்கதுக்கு யாரை வேணாலும் கூப்பிடுங்க. திறக்கதுக்கு என்னைக் கூப்பிடுங்க.”