அம்மன் உத்தரவு

இரண்டு பொட்டலத்திலும் நான் வைத்துக் கட்டியது செவ்வரளி. பூசாரி பிரித்த பொட்டலத்தில் இருந்ததோ வெள்ளைப் பிச்சிப்பூ.

ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ வைத்துக் கட்ட வேண்டும். வெள்ளை வந்தால் என் மனைவி செல்வி ஓமனுக்கு வேலைக்குப் போகலாம். சிவப்பு வந்தால் போகக் கூடாது. அப்படித்தான் பேச்சு.

"அம்மன் உத்தரவு குடுத்துட்டா அண்ணாச்சி. மதினிய சந்தோசமா அனுப்பி வைங்க" என்றார் பூசாரி பெருமாள்ராஜ்.

தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய? இரண்டிலும் சிவப்பைத்தானே வைத்தேன் என்று பேச்சியம்மன் முன்னால் நின்று சொல்ல முடியுமா?

செல்வி பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பதினோரு வருடமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். வேலை நிரந்தரம் கிடையாது, வருடா வருடம் ஒப்பந்தம்தான். எனக்குச் சேரன்மகாதேவியில் உரக்கடை. பிள்ளை இல்லை. வீட்டில் நான், அவள், என் அம்மா சுடலைவடிவு, மூன்றே பேர்.

ஓமனில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எனக்குத் தெரியாமல் விண்ணப்பம் போட்டிருந்தாள். இன்டர்வியூ நடந்த அன்றுதான் எனக்கே தெரியும். அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பேச, நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். முக்கால் மணி நேரம் இங்கிலீஷ். ஒன்றும் விளங்கவில்லை.

நடுவில் அவள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டுப் பல வருடம் இருக்கும்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் அவளுக்கு இடது கை ஒடிந்தது. மாவுக்கட்டைத் தொங்கப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனாள். ஒருநாள்கூட லீவு போடவில்லை. அவ்வளவு வீம்பு.

பிறகு வேலை உறுதி என்று மெயில் வந்தது. இரண்டு வருடம், தங்க வீடு. பதினைந்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

தினமும் அந்த மெயிலைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. அவளுக்கும் பயம் இருந்திருக்கும்.

எனக்கு இருந்த பயம் வேறு. விமானம் ஏறிவிட்டால் அவள் திரும்பி வர மாட்டாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

வேண்டாம் என்று நானே சொல்லியிருக்கலாம். சொன்னால் வள்ளியூரிலிருந்து அவள் அண்ணன் வந்து நிற்பான். பெண்டாட்டி முன்னுக்கு வந்தால் பொறுக்காதவன் என்று கடைத்தெருவில் நாலு பேர் பேசுவார்கள். அதனால்தான் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றேன். அம்மன் தடுத்தால் யார் வாய் திறக்க முடியும்?

செல்வி சரி என்றாள். அவ்வளவு படித்தவள் இதற்கு ஒத்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா எப்போதுமே ஒன்றும் சொல்வதில்லை. அப்பா இருந்த காலத்திலும் அப்படித்தான்.

இன்று காலை வாழையிலையைக் கிழித்து இரண்டு துண்டிலும் செவ்வரளியை வைத்து நாரால் கட்டினேன். கூடையை அம்மா கையில் கொடுத்தேன். மூவரும் ஆட்டோவில் ஆற்றங்கரைக் கோயிலுக்கு வந்தோம். செல்வி கால் நனைக்க ஆற்றில் இறங்கினாள். நான் தேங்காய் வாங்கப் போனேன். அம்மா பூக்காரியிடம் நின்றாள்.

இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்தார்கள். பூசாரியின் பேத்தி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

பிரிக்காத பொட்டலத்தை ஆற்றில் விடச் சொல்லி என்னிடம் தந்தார்கள். அதைத் திறந்து பார்க்கும் வழக்கம் இல்லை. நான் கோயிலுக்குப் பின்னால் போய்த் திறந்து பார்த்தேன்.

அதிலும் பிச்சி.

ஆற்றில் தண்ணீர் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. கீழ்ப்படியில் செல்வி உட்கார்ந்திருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது.

இவள்தான். வேறு யார்? என்னை முட்டாளாக்கிவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னால் சேலை சரசரத்தது. அம்மா.

முந்தானை முடிச்சை அவிழ்த்து உதறினாள். காலையில் நான் பறித்த செவ்வரளி மொத்தமும் என் காலடியில் விழுந்தது.

"நான்தாம்லே மாத்துனேன். நீ அவ கைய ஒடிச்சது போதும். அவ போகட்டும். உசுரோட இருக்கட்டும்."

என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்ச் செல்வியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தாள்.