ஏழாம் தட்டு

நிவேதனா அடைகாப்புப் பெட்டியைத் திறந்தாள். பத்து நோயாளிகளின் கண்களிலிருந்து எடுத்த பங்கசு, அதாவது பூஞ்சை, பத்துத் தட்டுகளில் வளர்ந்துகொண்டிருந்தது. ஒன்பது தட்டுகள் அவள் நேற்றுப் பின்னேரம் வைத்தபடியே குப்புறக் கிடந்தன. ஏழாம் தட்டு மட்டும் இன்றும் நிமிர்ந்திருந்தது. மூடியில் படிந்த நீர் பங்கசின்மேல் சொட்டியிருந்தது. கருவிழியை அரிக்கும் அதன் நொதியத்தைத் தடுக்கும் மருந்து வேலை செய்ததா இல்லையா என்று இனிச் சொல்ல முடியாது. இது நான்காவது தடவை.

"சுபாங்கன் அண்ணை, இதை நீங்கள் தொட்டனீங்களோ?" என்று ஆய்வுகூட உதவியாளரைக் கேட்டாள்.

"நான் ஏன் தொடப்போறன்? பெட்டிப் பூட்டின்ரை திறப்பு உம்மட்டைத்தானே கிடக்கு."

எரிச்சலில் ஏழாம் தட்டைத் தூக்கி, கழிவுகளை நீராவியில் அவிக்கும் இயந்திரத்துக்குள் போட்டு ஆளியை அழுத்தினாள்.

அது சூடேறும் நேரத்தில் சாவகச்சேரிக்குத் தொலைபேசி எடுத்தாள். ஏழாம் தட்டில் இருந்தது அங்குள்ள கந்தப்புவின் கண்ணிலிருந்து எடுத்த பங்கசு. பனங்கருக்குக் கீறிய அவருடைய கண்ணைப் போன மாதம் எடுத்துவிட்டார்கள்.

"ஐயா, கண்ணை எடுக்கமுதல் அதுக்கு நாட்டு மருந்து ஏதும் விட்டனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. எடுத்த கண்தான் இப்பவும் கரைச்சல் தருது. பின்னேரமானால் ஆரோ பிடிச்சுக் குப்புறக் கவிழ்த்த மாதிரி ஒரே இருட்டு. பிரண்டு பிரண்டு, விடியமுதல் ஒரு மாதிரி நிமிர்ந்திடுவன்."

நிவேதனா இயந்திரத்தைப் பார்த்தாள். முள் நூற்றுப்பத்துப் பாகையைத் தாண்டியிருந்தது. ஆவி அடங்கும்வரை மூடியைத் திறக்க முடியாது.

"இண்டைக்கு மட்டும் ஏனோ," என்றார் கந்தப்பு, "நல்லாச் சுடுது, பிள்ளை."