வாயால் ஒரு செய்முறைத் தேர்வு

எங்கள் பாலிடெக்னிக்கின் ஒரே ரூட்டர் கண்ணாடி பீரோவுக்குள் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு மட்டும் திறந்து சந்தனம் வைப்பார்கள். செய்முறைத் தேர்வன்று பிரிசில்லா சாவி கேட்டாள். திங்கட்கிழமை வேலை இன்டர்வியூவில் கேபிளைக் கையிலேயே கொடுத்துச் செய்யச் சொல்வார்களாம்.

"தொட்டா ரிப்பேர் ஆயிடும்மா. வாயாலயே செய்," என்றார் லேப் சார்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பேனாவைத் திறந்தார்.

"கேபிளை உரிக்கிறேன் சார். முனையில பிளக்கை மாட்டி நசுக்குறேன்."

"வெரிகுட். அப்புறம்?"

"ரூட்டர்ல சொருகணும் சார். பீரோ பூட்டியிருக்கு."

"சரி?"

"ஸ்டூலைத் தூக்குறேன். கண்ணாடியைப் பார்த்து ஓங்குறேன்."

மேஜைமேல் மடங்கியிருந்த அவள் விரல்கள் அசையவேயில்லை. லேப் சார் மட்டும் சட்டென்று முகத்தை மறைத்துக்கொண்டார்.

தேர்வாளர் ஒரு டிக் அடித்துவிட்டு, "ம், மேல சொல்லு," என்றார்.